செவி கொடுக்கும் பெற்றோர்

பள்ளியிலிருந்து திரும்பிய மகன் தேர்வுத்தாளை நீட்டுகின்றான். எழுபதை எதிர்பார்த்திருந்த தந்தை நாற்பதைக் காண்கின்றார். தாளைக் கண்ட கணத்திற்கும் வாய் திறக்கும் கணத்திற்கும் இடைப்பட்ட காலம் ஒரு மூச்சளவே. எனினும், தந்தைக்கும் மகனுக்கும் இடையேயுள்ள உறவு வளர்வதும் தேய்வதும் அந்த ஒரு மூச்சில்தான். சுடுசொல் பிறக்குமாயின் அடுத்த தாள் பைக்குள்ளேயே மறைந்துவிடும். நாளடைவில் பிள்ளையின் உள்ளமும் அவ்வாறே மறைந்துவிடும்.

அந்த ஒரு மூச்சைக் காக்கப் பெற்றோர்க்குப் பயிற்சி அளிக்க இயலுமா? இயலும் என்பதே கல்வியாளர் பலர் கண்ட முடிபு. அமெரிக்க உளவியலறிஞர் தாமஸ் கார்டன் 1962 இல் கலிபோர்னியா மாநிலத்தில் பெற்றோர்க்கென வகுப்புத் தொடங்கினார். பிள்ளையின் சொல்லைக் கேட்டு, அதன் உட்பொருளைத் திருப்பிக் கூறித் தெளிதல் ஒன்று. "நீ சோம்பேறி" என்று பழியாமல், "எனக்குக் கவலையாயிருக்கிறது" என்று தன் நிலையைக் கூறுதல் மற்றொன்று. இவ்விரண்டும் அவ்வகுப்பின் தலையாய பாடங்களாம்.

1979 இல் ஜான் கபாட்-சின் என்பார், பௌத்தத் தியான நெறியினின்று எடுத்த மனவிழிப்புப் பயிற்சியை, சமயச் சார்பின்றி, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நோயாளர்க்குக் கற்பிக்கத் தொடங்கினார். அவரும் அவர்தம் மனைவியார் மைலாவும் 1997 இல் அந்நெறியைப் பிள்ளை வளர்ப்போடு இணைத்து நூல் வெளியிட்டனர். நெதர்லாந்து நாட்டில் சூசன் போகல்ஸ் அதனை எட்டு வாரப் பயிலரங்காக அமைத்தார். 2009 இல் லாரிசா டங்கனும் உடனாய்வாளரும் இதன் கூறுகளை ஐந்தாக வகுத்தனர்: முழுக் கவனத்தோடு கேட்டல், தன்னையும் பிள்ளையையும் குற்றங்காணாது ஏற்றல், இருவர்தம் உணர்ச்சியையும் அறிதல், தன்னை அடக்கியாளல், அருள் காட்டல் என்பன அவை.

இத்தகைய பயிலரங்குகளில் சொற்பொழிவு குறைவு, செய்முறையே மிகுதி. உலர்ந்த திராட்சை ஒன்றை மெல்ல நோக்கி, முகர்ந்து, சுவைத்து உண்பது தொடக்கப் பயிற்சி. கவனம் எத்துணை விரைவில் ஓடிவிடுகின்றது என்பதை அதனால் உணரலாம். பின்னர், தம் பிள்ளையை முதன்முறை காண்பார்போல் உற்று நோக்கி வருதல் வீட்டுப்பாடமாகும். சினம் எழுங்கால் சற்று நின்று மூச்சைக் கவனித்தலும், சினந்துவிட்ட பின் பிள்ளையிடம் சென்று பிணக்கைத் தீர்த்தலும் அடுத்தடுத்த பாடங்கள்.

இஃது பிள்ளை கேட்பதற்கெல்லாம் இணங்கும் முறையன்று. கண்டிக்க வேண்டியதைக் கண்டிக்கலாம். ஆனால் கண்டிப்பவர் சினமாயிருத்தல் ஆகாது, பெற்றோராயிருத்தல் வேண்டும். இரவு வேலை முடித்து வரும் தாயின் களைப்பை எப்பயிலரங்கும் போக்காது என்பதும் உண்மையே. எனினும் தன் களைப்பைத் தான் அறிந்த தாய், அதன் சுமையைப் பிள்ளைமேல் இறக்கமாட்டாள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கலாம். பெற்றோர் இருவரிருவராக அமர்ந்து, ஒருவர் பிள்ளையாகவும் மற்றவர் தந்தையாகவும் நடித்துப் பார்க்கட்டும். பிள்ளையாக நடித்தவர் தாளை நீட்டும் கையின் நடுக்கத்தை உணர்வார். அன்று மாலை வீடு திரும்பியதும், "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்குமுன், "எந்தக் கணக்கு உனக்குக் கடினமாயிருந்தது?" என்று கேட்கத் தோன்றும்.