தானியங்கிக் குவியக் கண்ணாடி

தானியங்கிக் குவியக் கண்ணாடி என்பது, அணிந்திருப்பவர் பார்க்கும் பொருளின் தொலைவுக்கு ஏற்பத் தன் லென்சுகளின் திறனை மின்னணு முறையில் தானே மாற்றிக்கொள்ளும் மூக்குக்கண்ணாடி ஆகும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஏற்படும் வெள்ளெழுத்துக் குறைபாட்டுக்குத் தீர்வாக இது உருவாக்கப்பட்டு வருகிறது.

தேவை

இளம் வயதில் கண்ணின் லென்சு நெகிழ்வானது. அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது சிலியரித் தசைகள் சுருங்க, லென்சு தடிப்பாகி அதன் குவியத் தொலைவு குறைகிறது. தொலைவில் பார்க்கும்போது அது மெலிகிறது. இதுவே விழியின் ஏற்பமைவுத் திறன் ஆகும். வயது கூடக்கூட லென்சு இறுகிவிடுவதால் இத்திறன் குறைகிறது. செய்தித்தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிப்பது இதன் முதல் அடையாளம். இதனைப் பேச்சு வழக்கில் சாளேசுவரம் என்றும் கூறுவர்.

லென்சின் திறன் டையாப்டர் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. மீட்டரில் கூறப்படும் குவியத் தொலைவின் தலைகீழ் மதிப்பே டையாப்டர். ஏற்பமைவுத் திறனை முழுதும் இழந்த ஒருவர் 40 செ.மீ. தொலைவிலுள்ள நூலைப் படிக்க 1 ÷ 0.4 = 2.5 டையாப்டர் கூடுதல் திறன் வேண்டும். 50 செ.மீ. தொலைவிலுள்ள கணினித் திரைக்கு 2 டையாப்டர் போதும். தெருவைப் பார்க்கக் கூடுதல் திறன் தேவையில்லை. ஒரே லென்சு இம்மூன்றுக்கும் பொருந்தாது என்பதே சிக்கலின் மையம்.

பழைய தீர்வுகள்

பெஞ்சமின் பிராங்கிளின் 1784இல் எழுதிய கடிதமொன்றில் தமது இரட்டைக் கண்ணாடியைப் பற்றிக் குறிப்பிட்டுள்ளார். மேற்பாதி தொலைவுக்கும் கீழ்ப்பாதி படிப்புக்குமான இருகுவிய லென்சு அது. பிரான்சில் பெர்னார்டு மெத்னாசு உருவாக்கிய வாரிலக்சு என்னும் படிப்படியாகத் திறன் மாறும் லென்சு 1959இல் விற்பனைக்கு வந்தது. இவை இன்றும் பயன்பட்டாலும் ஒரு குறை உண்டு. லென்சின் ஒரு பகுதி மட்டுமே ஒரு தொலைவுக்குத் தெளிவாக இருக்கும். படிக்கட்டில் இறங்கும் முதியவர் கீழே பார்க்கும்போது, படிப்புக்கான பகுதி வழியே படி மங்கலாகத் தெரிகிறது. இதனால் கால் இடறி விழும் வாய்ப்பு அதிகரிக்கிறது.

செயல்படும் விதம்

இக்கண்ணாடிக்கு மூன்று உறுப்புகள் வேண்டும். தொலைவை அறியும் உணரி, கணக்கிடும் சிறு செயலி, திறன் மாறும் லென்சு ஆகியன அவை. லென்சுகளில் இருவகை முதன்மையானவை.

நீர்ம லென்சு: ஒளி ஊடுருவும் மெல்லிய சவ்வுகளுக்கு இடையே கிளிசரின் போன்ற நீர்மம் அடைக்கப்படுகிறது. சவ்வை அழுத்தினால் அதன் வளைவு மாறும். வளைவு மாறினால் திறனும் மாறும். கண்ணின் லென்சு செய்யும் வேலையை இது ஏறத்தாழ அப்படியே செய்கிறது.

திரவப் படிக லென்சு: இதில் வடிவம் மாறுவதில்லை. மின்னழுத்தம் தரும்போது கோல் வடிவ மூலக்கூறுகள் திசை திரும்புவதால் ஒளிவிலகல் எண் மாறுகிறது. இடத்துக்கு இடம் வேறுபட்ட மின்னழுத்தம் தந்தால் தட்டையான தகடே லென்சாகிவிடும்.

ஆய்வும் வளர்ச்சியும்

அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் 2 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் இயங்கும் திரவப் படிக லென்சை வெளியிட்டனர். மின்சாரம் நின்றால் அது வெறும் கண்ணாடித் தகடாகிவிடும், தொலைப் பார்வை கெடாது. வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது மின்கலம் தீர்ந்துபோனால் இப்பண்பே உயிர் காக்கும்.

பிக்சல் ஆப்டிக்சு நிறுவனம் 2011இல் மின்னணுக் கண்ணாடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆனால் 2013இல் அந்நிறுவனம் மூடப்பட்டது. சப்பானின் மிட்சுயி கெமிக்கல்சு 2018இல் டச்போக்கசு என்னும் கண்ணாடியை வெளியிட்டது. சட்டத்தின் பக்கவாட்டைத் தொட்டால் படிப்புக்கான திறன் கூடும். எனினும் தொட வேண்டியிருப்பதால் இதனை முழுத் தானியங்கி எனக் கூற இயலாது.

யூட்டா பல்கலைக்கழகத்தின் கார்லோசு மாசுட்ராஞ்செலோ குழுவினர் 2017இல் கிளிசரின் லென்சு கொண்ட முன்மாதிரியை உருவாக்கினர். அதன் மூக்குப் பாலத்திலுள்ள உணரி அகச்சிவப்புக் கதிர்களால் தொலைவை அளக்கிறது. லென்சு 14 மில்லி நொடியில் மாறுகிறது.

ஆனால் எதிரிலுள்ள பொருளின் தொலைவை அளந்தால் மட்டும் போதாது. சன்னல் வழியே தெருவைப் பார்ப்பவருக்குச் சன்னல் கம்பியின் தொலைவைக் கணக்கிட்டுத் தந்தால் தெரு மங்கிவிடும். இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தினர் 2019இல் இதற்கு வழி கண்டனர். அருகில் பார்க்கும்போது இரு கண்களும் மூக்குப் பக்கம் திரும்புவதை அறியும் கருவியை ஆழமறியும் ஒளிப்படக் கருவியுடன் அவர்கள் இணைத்தனர். வெள்ளெழுத்து உடைய 56 பேரிடம் இது சோதிக்கப்பட்டது. படிப்பில் நல்ல பயன் தெரிந்தபோதிலும், கருவி பெரிய முகமூடி போல் கனமாக இருந்தது.

சிக்கல்கள்

நீர்ம லென்சு பெரிதானால் கனமாகிறது. புவியீர்ப்பால் நீர்மம் கீழ்நோக்கித் தாழ்ந்து உருவமும் கோணுகிறது. தட்டையான திரவப் படிக லென்சுகள் சிலவற்றில் நிறங்கள் பிரிந்து தெரிகின்றன. சிதறல் பார்வை உள்ளவர்களுக்குத் தனித் திருத்தமும் வேண்டும். மின்கலத்தின் எடை, அன்றாடம் மின்னேற்றும் தேவை, விலை ஆகியனவும் தடைகளாக உள்ளன.

உலக நலவாழ்வு அமைப்பின் 2019ஆம் ஆண்டு பார்வை அறிக்கை, வெள்ளெழுத்துக்கு உரிய திருத்தம் பெறாமல் கிட்டப் பார்வை குன்றியோர் 82.6 கோடிப் பேர் எனக் குறிப்பிடுகிறது. இவர்களில் பலருக்குச் சாதாரணப் படிப்புக் கண்ணாடியே போதும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது கடந்த தொழிலாளர்களிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், கண்ணாடி பெற்றவர்களின் கொழுந்து பறிக்கும் அளவு, பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. அக்கண்ணாடிகளில் மின்னணு உறுப்பு எதுவும் இல்லை. எனவே தானியங்கிக் கண்ணாடி மலிவாகும் வரை காத்திராமல், நாற்பது வயதில் கண் பரிசோதனை செய்துகொண்டு உரிய கண்ணாடி அணிவதே இப்போதைக்கு ஏற்ற வழியாகும்.