கணினி வருமுன் எர்த் கம்பி

1990 ஒக்ரோபரில் மன்னாரிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 2007இல் முசலியிலிருந்தும் 2008இல் மாந்தை மேற்கிலிருந்தும் விவசாயக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. நாம் திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரையும் கதவும் மட்டுமல்ல, சுவருக்குள் இருந்த வயரும் இல்லை. 2012 முதல் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் ஐந்தரை இலட்சம் ரூபா உதவியோடு வடக்கு, கிழக்கில் பலர் 550 சதுர அடி வீடுகளைத் தாமே கட்டினார்கள். அந்தச் சிறிய வீட்டிலும் இன்று பிள்ளைக்கு ஒரு கணினி அறை வேண்டியிருக்கிறது. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது அதன் தேவையை நாம் எல்லோரும் உணர்ந்தோம்.

கணினி அறை என்றால் பெரிய மின்சாரம் தேவை என்று நினைக்கிறோம். கணக்குப் பார்ப்போம். மடிக்கணினிக்கு ஏறத்தாழ 65 வாற்று, மின்விசிறிக்கு 60 முதல் 75, எல்.ஈ.டி. விளக்குக்கு 10, இணைய ரவுற்றருக்கு இன்னொரு 10. எல்லாம் சேர்த்தும் 200 வாற்றுக்குள்தான். நமது 230 வோல்ற்று மின்சாரத்தில் இது ஓர் அம்பியர்கூட இல்லை. ஆனால் தண்ணீர் சுடவைக்கும் கேத்தல் ஒன்று மட்டும் 2000 வாற்று, ஏறத்தாழ 9 அம்பியர் எடுக்கும். ஆபத்து கணினியால் வருவதில்லை. ஒரே நீட்டிப்புப் பலகையில் கணினியையும் கேத்தலையும் ஸ்திரிக்கைப் பெட்டியையும் சேர்த்துக் கொழுவுவதால்தான் வருகிறது. ஆகவே அறையில் நான்கு பிளக் இடங்களாவது வையுங்கள். அவற்றுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போடச் சொல்லுங்கள். வெள்ளம் வரும் இடங்களில் பிளக் நிலத்திலிருந்து இரண்டடிக்கு மேல் இருக்கட்டும். கடற்காற்று உப்பையும் மணலையும் கொண்டுவந்து சேர்க்கும். எனவே யன்னலுக்கு நேரே பிளக் வேண்டாம்.

இனி முக்கியமான விடயம். மின்சாரம் கசிந்தால் அது பிள்ளையின் உடல் வழியே போகாமல் மண்ணுக்குப் போக வேண்டும். அந்த வழிதான் எர்த் கம்பி. மன்னார்த் தீவின் மேல்மணல் கோடையில் முற்றாகக் காய்ந்துவிடும். காய்ந்த மணல் மின்சாரத்தை இலகுவில் கடத்தாது. நம்மில் பலர் காலபோக அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் வயரிங் செய்கிறோம். அப்போது மாரி மழையின் ஈரம் மண்ணில் இருக்கும். மானியில் எர்த் நல்லதாகவே காட்டும். ஆவணியில் அதே கம்பி பயன்படாமல் போகலாம். ஆகவே செம்பு பூசிய கம்பியை ஈரமண்ணைத் தொடும் ஆழத்துக்கு, முடிந்தால் குளிக்கும் தண்ணீர் விழும் பக்கத்தில் இறக்குங்கள். ஆவணியில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு சரியில்லையென்றால் சற்றுத் தள்ளி இரண்டாவது கம்பி இறக்கி, இரண்டையும் இணைக்கலாம்.

அடுத்தது 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச். அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் உடனே மாற்ற வேண்டும். விழுந்தாலும் சுவிச் நல்லது என்பது மட்டுமே தெரியும். எர்த் நல்லதா என்பதை அது சொல்லாது.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்யக் கையில் காசு இராது. அப்படியானால் இந்த ஒழுங்கில் செய்யலாம்:

1. எர்த் கம்பியும் ட்ரிப் சுவிச்சும்.
2. சுவர் பூசுமுன் வெற்றுக் குழாய்கள். வயரைப் பிறகும் இழுக்கலாம். பூசிய சுவரை உடைத்தால் இரட்டைச் செலவு.
3. வயரும் பிளக்குகளும். என்.வி.கியூ. சான்றிதழ் உள்ளவரைக் கொண்டே செய்விக்க வேண்டும்.
4. கடைசியில் கணினி.

குழாய் எந்தச் சுவரில் எந்த உயரத்தில் போகிறது என்பதை ஒரு தாளில் கீறி, காணிப் பத்திரத்தோடு வையுங்கள். நாளை சுவரில் ஆணி அடிக்கப் போவது நம் பிள்ளையாக இருக்கலாம்.