உம்மென்று இரையும் வானொலி

2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒரே நாளில் சுமார் 49 செ.மீ. கொட்டித் தீர்த்தது. முடிச்சூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பல நாள் மின்சாரம் இல்லை, கைபேசிகளும் ஊமையாயின. அந்த நாட்களில் பரண்மேல் கிடந்த பழைய டிரான்சிஸ்டர் வானொலியைத் தேடி எடுத்து, நான்கு செல் போட்டுச் செய்தி கேட்ட வீடுகள் உண்டு.

மின்சாரம் திரும்பியதும், செல்லுக்கு ஏன் வீண் செலவு என்று அதே வானொலியை பாட்டரி எலிமினேட்டரில் மாட்டுகிறோம். செய்தி வருகிறது, அதன் அடியில் ஓயாமல் ‘உம்ம்ம்’ என்று ஓர் இரைச்சலும் வருகிறது. ‘பெட்டி போய்விட்டது’ என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். முதலில் எலிமினேட்டரைக் கழற்றிவிட்டுச் செல்லில் போட்டுக் கேளுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் வானொலி நலமாக இருக்கிறது, நோய் எலிமினேட்டரில்தான்.

அந்தச் சிறு பெட்டிக்குள் என்ன நடக்கிறது? வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், விநாடிக்கு 50 சுற்று திசை மாறும் மின்னோட்டம். டிரான்ஸ்பார்மர் அதை 6 வோல்ட்டாகக் குறைக்கிறது. நான்கு டயோடுகள் அதை ஒரே திசையில் திருப்பிவிடுகின்றன. ஆனால் இப்படிக் கிடைப்பது செல்லில் வருவதைப்போன்ற சீரான மின்சாரம் அன்று. விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும் துடிப்பு அது. இதைச் சமப்படுத்துவது மின்தேக்கி. கடையில் கண்டென்சர் என்று கேட்டால்தான் கொடுப்பார்கள்.

நம் புறநகர்வாசிகளுக்கு இதை விளக்குவது எளிது. தண்ணீர் லாரி எப்போதோ ஒரு முறைதான் வருகிறது. ஆனாலும் வீட்டுத் தொட்டி பெரிதாக இருந்தால் குழாயில் நாள் முழுவதும் நீர் விழுகிறது. தொட்டி சுருங்கிப்போனால்? லாரி வந்தால் வெள்ளம், போனால் வறட்சி. விநாடிக்கு 100 முறை வரும் இந்த வெள்ளமும் வறட்சியும்தான் ஒலிபெருக்கியில் ‘உம்’ என்று கேட்கிறது.

கணக்கும் கடினமில்லை. வானொலி எடுக்கும் மின்னோட்டத்தை, துடிப்பு எண்ணாலும் மின்தேக்கியின் அளவாலும் வகுத்தால் ஏற்ற இறக்கம் கிடைக்கும். 100 மில்லி ஆம்பியர் எடுக்கும் வானொலிக்கு 1000 மைக்ரோ பாரட் மின்தேக்கி இருந்தால் ஏற்ற இறக்கம் 1 வோல்ட். அதுவே 250 மைக்ரோ பாரட்டாகச் சுருங்கினால் 4 வோல்ட்! 6 வோல்ட் கருவிக்கு இது தாங்காது.

மின்தேக்கி ஏன் சுருங்குகிறது? அதனுள்ளே அலுமினியத் தகடுகளுக்கு நடுவே திரவத்தில் ஊறிய காகிதம் இருக்கிறது. வெப்பத்தில் அந்தத் திரவம் மெல்ல உலர்கிறது. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. மீனம்பாக்கத்தில் 40 பாகையைத் தாண்டும் மே மாதத்தில், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள், சூடான டிரான்ஸ்பார்மரை உரசிக்கொண்டு, இரவும் பகலும் ‘ஆன்’ செய்தபடியே கிடக்கும் மின்தேக்கியின் கதியை நினைத்துப் பாருங்கள்.

ரிச்சித் தெருவில் 1000 மைக்ரோ பாரட், 25 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள். 6 வோல்ட்டுக்கு 25 எதற்கு என்று தோன்றும். வானொலியை அணைத்திருக்கும்போது எலிமினேட்டரின் வோல்ட் 10 வரை ஏறக்கூடும். மின்தேக்கியின் உடலில் கோடு போட்ட பக்கம் எதிர்முனை. மாற்றி இணைத்தால் வெடிக்கும். பற்றவைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

இரைச்சலின் சுருதியையும் கவனியுங்கள். டயோடுகளில் ஒன்று அறுந்துபோனால் துடிப்பு 100லிருந்து 50ஆகக் குறையும். சங்கீதம் தெரிந்தவர்கள் சட்டென்று பிடித்துவிடுவார்கள்: அதே ஸ்வரம், ஒரு ஸ்தாயி கீழே. ரயில் பாதையோரம் குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ இருப்பவர்கள், மின்ரயில் போகும்போது எழும் ‘கரகர’ ஒலியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மேலே கம்பியில் தெறிக்கும் பொறியின் வேலை. எந்த மின்தேக்கியாலும் அது போகாது.

மின்தேக்கியைக் குறைசொல்லி நான் ஏமாந்ததும் உண்டு. சேலையூரில் ஒரு வீட்டில் இரண்டு முறை மாற்றியும் மாலையானால் இரைச்சல் வந்துவிடும். நள்ளிரவில் தானே நின்றுவிடும். அது 7806 என்ற ஐ.சி. பொருத்திய எலிமினேட்டர். வெளியே சீராக 6 வோல்ட் தர வேண்டுமானால், அந்த ஐ.சி.க்கு உள்ளே எந்தக் கணத்திலும் 8 வோல்ட்டுக்குக் குறையாமல் கிடைக்க வேண்டும். 9 வோல்ட் டிரான்ஸ்பார்மர், 230 வோல்ட்டில் பத்துக்கு மேல் தாராளமாகவே கொடுக்கிறது. தெருவே விளக்குப் போடும் நேரத்தில் 230 என்பது 180 ஆக இறங்கினால், துடிப்பின் பள்ளத்தில் ஏழரைதான் மிஞ்சுகிறது. ஐ.சி. கைவிரித்துவிடுகிறது. 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போட்டேன், சரியாயிற்று. கடிகாரத்தைப் பார்த்திருந்தால் இரண்டு மின்தேக்கியின் காசு மிஞ்சியிருக்கும்.

இன்னொரு வகை வேடிக்கையானது. நிலையம் இல்லாத இடத்தில் பெட்டி அமைதியாக இருக்கும். நிலையத்தைத் திருப்பிப் பிடித்தவுடன் ‘உம்’ கிளம்பும். நிலையத்தின் அலைகள் மின்கம்பி வழியாகவும் எலிமினேட்டருக்குள் நுழைகின்றன. டயோடுகள் திறந்து மூடும்போதெல்லாம் அந்த அலைகள் வெட்டுப்பட்டு, இரைச்சலைச் சுமந்துகொண்டு வானொலிக்குப் போகின்றன. ஒவ்வொரு டயோடின் குறுக்கேயும் 0.01 மைக்ரோ பாரட் சிறு மின்தேக்கி ஒன்றை வைத்தால் அடங்கிவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் டிரான்சிஸ்டர் பெட்டிக்குத்தான். தாத்தா காலத்து வால்வு வானொலியும் இதே காரணத்தால் இரையும். ஆனால் அதன் மின்தேக்கியில் 250, 300 வோல்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நெடுநேரம் தங்கியிருக்கும். டிரான்ஸ்பார்மரே இல்லாத சில பெட்டிகளில் இரும்புச் சட்டமே நேராக மின்கம்பியோடு இணைந்திருக்கும். அவற்றின் பின்மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம். வால்வு பெட்டி பழுதுபார்த்துப் பழகியவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.