சிறுநீரகத்தின் கதை – 17: கைக்குள் ஒரு குறுக்குவழி

டயாலிசிஸ் இயந்திரத்தின் பம்ப் நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி ரத்தத்தை இழுக்கும். நான்கு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 72 லிட்டர். உடலில் இருப்பதோ ஐந்து லிட்டர்தான். அதே ரத்தம் பதினான்கு தடவை வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்புகிறது. இவ்வளவையும் எந்த வழியாக எடுப்பது, எந்த வழியாகத் திருப்பி விடுவது? பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிற முழங்கை மடிப்புச் சிரை தோலுக்கு அடியிலேயே இருக்கிறது, குத்துவது எளிது. ஆனால் அதில் ஓட்டம் போதாது. பம்ப் இழுத்தால் சுவரோடு சுவர் ஒட்டிக்கொள்ளும். தமனியில் ஓட்டமும் அழுத்தமும் உண்டு. அது ஆழத்தில் கிடக்கிறது. வாரத்துக்கு மூன்று தடவை தடித்த ஊசியால் குத்தினால் தாங்காது.

யாருக்கு இயந்திரம், யாருக்கு இல்லை என்று முடிவுசெய்த சியாட்டில் குழுவின் கதை சென்ற வாரத்தோடு முடிந்தது. அந்தக் குழுவுக்கே வேலை வைத்தது ஒரு டெஃப்லான் குழாய். அதற்கு முன், 1943இல் நெதர்லாந்தின் காம்பன் நகரில் மருத்துவர் வில்லெம் கோல்ஃப் ஒவ்வொரு தடவையும் ஒரு ரத்தக்குழாயை வெட்டித் திறந்துதான் டயாலிசிஸ் செய்தார். ஒரு தடவை திறந்தது மறுதடவைக்கு உதவவில்லை. அவருடைய முதல் நோயாளிக்குப் பன்னிரண்டு தடவை செய்ததும் திறக்க இடமில்லாமல் போயிற்று. 1960 மார்ச்சில் சியாட்டிலில் மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர், பொறியாளர் வெய்ன் குவின்டன் வளைத்துக் கொடுத்த இரண்டு டெஃப்லான் குழாய்களை, ஒன்றைத் தமனியிலும் மற்றொன்றைச் சிரையிலும் பொருத்தி, முனைகளைத் தோலுக்கு வெளியே விட்டார். சிகிச்சை இல்லாத நாட்களில் இரு முனைகளையும் வளைவான குழாயால் இணைத்துவிடுவார்கள். ரத்தம் கைக்கு வெளியே வந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். முதலில் இதைப் பொருத்திக்கொண்ட போயிங் தொழிற்சாலைத் தொழிலாளி மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் இந்தக் குழாய்கள் அடைத்துக்கொண்டன, சீழ் பிடித்தன. தவறிக் கழன்றால் ரத்தம் பீறிட்டது. மாதங்களில் மாற்ற வேண்டியிருந்தது.

தீர்வு நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் கிடைத்தது. அங்கிருந்த மருத்துவர் ஜேம்ஸ் சிமினோ, மாணவராக இருந்தபோது ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தவர்; சிரைகளைப் புடைக்க வைப்பது அவருக்குக் கைவந்த கலை. சக மருத்துவர் மைக்கேல் பிரெசியாவோடு சேர்ந்து, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கிச் சிரையிலிருந்தே டயாலிசிஸ் செய்து பார்த்தார். சிலருக்கு நடந்தது, பலருக்கு ஓட்டம் போதவில்லை. அப்படியானால் சிரைக்குள் தமனியின் ரத்தத்தையே திருப்பிவிட்டால் என்ன? 1965 பிப்ரவரி 19 அன்று அறுவை மருத்துவர் கென்னத் ஆப்பெல், மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் பக்கவாட்டில் சிறிதாகத் திறந்து ஒன்றோடொன்று தைத்தார். மறு ஆண்டு இவர்கள் வெளியிட்ட கட்டுரை உலகம் முழுவதும் இந்த வழக்கத்தைக் கொண்டுபோயிற்று. அதுதான் ஃபிஸ்டுலா.

தமிழ்நாட்டில் இந்தப் பெயரைக் கேட்டதும் பலர் பதறுவதுண்டு. பவுத்திரத்துக்கும் ஆங்கில மருத்துவத்தில் இதே பெயர்தான். லத்தீனில் அச்சொல்லுக்குக் குழாய் என்று பொருள், ஊதுகுழலும் அதில் அடங்கும். உடலில் இருக்கக்கூடாத இடத்தில் உண்டாகும் எந்த வழியும் மருத்துவர்களுக்கு ஃபிஸ்டுலாதான்.

இந்தக் குறுக்குவழி 1965இல் பிறந்தது அல்ல என்பதுதான் இதில் பெரிய வியப்பு. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் ரத்தம் கீறி வடிப்பது வழக்கம். முழங்கை மடிப்பில் சிரைக்கு நேர் கீழே தமனி ஓடுகிறது. கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் இரண்டும் துளைபடும். காயம் ஆறும்போது இரண்டு துளைகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். இப்படிப்பட்டவர்களை லண்டனில் பார்த்து, நடந்தது இன்னதென்று 1757இல் எழுதியவர் உடற்கூறு அறிஞர் வில்லியம் ஹன்டர். சிரை புடைத்துத் துடிக்கிறது, தொட்டால் அதிர்கிறது, சீறும் ஒலி கேட்கிறது, இணைப்பின் மேல் விரலால் அழுத்தினால் எல்லாம் நின்றுபோகிறது என்று அவர் கண்டார். ஸ்டெதஸ்கோப் உண்டாவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முந்தைய காலம் அது. இன்றைக்கும் டயாலிசிஸ் பிரிவில் செவிலியர் ஊசி குத்துமுன் தொட்டுப் பார்ப்பதும் காது கொடுத்துக் கேட்பதும் ஹன்டர் எழுதிய அந்த இரண்டு அறிகுறிகளைத்தான். கத்தி தவறியதால் வந்த கேட்டைத் திட்டமிட்டுச் செய்து, அதைக் கொண்டு லட்சக்கணக்கானோரை வாழவைத்தது மருத்துவ வரலாற்றின் அழகான திருப்பங்களில் ஒன்று.

தையல் போட்ட அன்றே ஃபிஸ்டுலா பயன்படாது. தமனியின் அழுத்தத்துக்குப் பழக்கமில்லாத சிரை, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல விரிந்து சுவர் தடிக்க வேண்டும். ஆறு வாரம், நிமிடத்துக்கு 600 மில்லி ஓட்டம், 6 மில்லிமீட்டர் அகலம், தோலிலிருந்து 6 மில்லிமீட்டருக்குள் ஆழம் என்று ஆறுகளாகவே ஒரு கணக்கை மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். ரப்பர் பந்தைப் பிடித்துப் பிடித்து விடச் சொல்வது இந்தக் காலத்தில்தான். தேறிய ஃபிஸ்டுலாவின் மேல் விரல் வைத்தால், தீப்பெட்டிக்குள் அடைத்த பொன்வண்டு சிறகடிப்பதுபோல விர்ரென்று அதிரும். காலையில் எழுந்ததும் நோயாளி அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அதிர்வு நின்றிருந்தால் அடைப்பு என்று அர்த்தம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்ப்பதோ, பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதோ, சலைன் ஏற்றுவதோ கூடாது. இறுக்கமான வளையல், கைக்கடிகாரம், அந்தக் கையைத் தலைக்கு வைத்துப் படுப்பது எல்லாம் ஆகாதவை.

எல்லாருக்கும் ஃபிஸ்டுலா தேறிவிடுவதில்லை. நீண்ட நாள் சர்க்கரை நோயில் தமனி கெட்டிப்பட்டிருக்கலாம், சிரை மெலிந்திருக்கலாம். மணிக்கட்டில் முடியாவிட்டால் முழங்கையில் முயல்வார்கள். அங்கும் வழியில்லாதபோது தமனிக்கும் சிரைக்கும் இடையே தோலுக்கடியில் ஒரு செயற்கைக் குழாயைப் பதிக்கிறார்கள், அது கிராஃப்ட். ஸ்கிரிப்னர் கைக்கு வெளியே வைத்த அதே டெஃப்லான்தான், இழுத்து விரித்த வடிவில், இங்கே கைக்குள் போகிறது. இரண்டு மூன்று வாரங்களில் குத்தத் தொடங்கலாம் என்பது இதன் நன்மை. ஃபிஸ்டுலாவைவிட அதிகமாக அடைப்பதும் கிருமி தொற்றுவதும் குறை.

மூன்றாவது, கழுத்துச் சிரை வழியாக இதயத்தை எட்டும் இரட்டைக் குழாய். அவசரத்துக்குப் போடுவது தற்காலிகக் குழாய். பெர்ம்கேத் என்று எல்லாரும் சொல்வது, நெஞ்சுத் தோலுக்கடியில் சுரங்கம்போல் சென்று நுழையும் வகை. அதில் சுற்றியுள்ள நார்ப்பட்டையில் சதை வளர்ந்து பிடித்துக்கொண்டு கிருமிகளைத் தடுக்கும். போட்ட அன்றே பயன்படுத்தலாம், ஊசி வலியும் இல்லை. ஆனால் ரத்தத்தில் கிருமி ஏறும் ஆபத்து மூன்றிலும் இதற்குத்தான் அதிகம். நாளடைவில் நெஞ்சுக்குள் இருக்கும் பெரிய சிரை சுருங்கி, அந்தப் பக்கத்துக் கையில் ஃபிஸ்டுலாவுக்கே வழியில்லாமல் செய்துவிடவும் கூடும். மூச்சுத் திணறலோடு கடைசி நேரத்தில் வந்து சேருபவருக்கு வேறு வழி கிடையாது. ஆறு மாதம் முன்னதாகவே தெரிந்தவருக்குக் கழுத்துக் குழாய் முதல் தேர்வாக இருக்கக்கூடாது.

வாரம் மூன்று சிகிச்சை, ஒவ்வொன்றிலும் இரண்டு ஊசி என்றால் ஆண்டுக்கு 312 குத்தல். ஒரே இடத்தில் குத்துவதா, ஏணிப்படிபோல இடம் மாற்றிக் குத்துவதா என்பது இந்த வாரமே வந்திருக்க வேண்டியது. ஹன்டர் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் அடுத்த வாரத்துக்குப் போகிறது.

அதற்குள் ஒன்று மட்டும். சிறுநீரகம் பழுதாகி வருகிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டால், டயாலிசிஸ் இன்னும் தொலைவில் இருந்தாலும், அதிகம் பயன்படுத்தாத கையின் முன்கைச் சிரைகளில் ஊசி போட விடாதீர்கள். ரத்தம் எடுக்க வருபவரிடம் புறங்கையை நீட்டுங்கள்.