மகிழுந்தின் ஒலியும் மின்னிணைப்பும்

1930 ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் கால்வின் என்பவரின் நிறுவனம், மகிழுந்துக்கான வானொலிப் பெட்டியொன்றை 'மோட்டரோலா' என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்று ஒரு பெட்டியாக இருந்த ஒலியமைப்பு, இன்று பாட்டுக்கருவி, பெருக்கி, ஒலிபெருக்கி, சப்வூஃபர் எனப் பல உறுப்புகளாக விரிந்துள்ளது. இவற்றை விலைகொடுத்து வாங்குவது எளிது. முறையாக இணைப்பதற்கோ அறிவும் கவனமும் தேவை.

உறுப்புகளும் பணிகளும்

பாட்டுக்கருவி தரும் மின் சைகை மிகவும் வலுக்குறைந்தது. ஆம்ப்ளிஃபயர் எனப் பணிமனைகளில் வழங்கும் பெருக்கி அதனை வலுப்படுத்துகிறது. வலுப்பெற்ற மின்னோட்டம் ஒலிபெருக்கியின் கம்பிச்சுருளில் பாயும்போது, சுருள் காந்தப்புலத்தில் முன்னும் பின்னும் அசைந்து கூம்பை அதிரச் செய்கிறது. அவ்வதிர்வே காற்றில் ஒலியாகப் பரவுகிறது.

மனிதச்செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களை உணர வல்லது. இவற்றுள் ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட கனத்த ஒலிகளை எழுப்புவது சப்வூஃபரின் பணியாகும். முரசின் முழக்கம் போன்ற தாழ்ந்த ஒலியை எழுப்ப மிகுதியான காற்றை அசைக்க வேண்டும். ஆகவே அதன் கூம்பு பெரிது. அது வேண்டும் மின்திறனும் பெரிது.

குறைந்த அழுத்தம், மிகுந்த ஓட்டம்

மகிழுந்தின் மின்கலம் தருவது 12 வோல்ட் அளவிலான மின்னழுத்தமே. தொட்டால் அதிர்ச்சி தராத இந்த மின்சாரத்தால் தீங்கு நேராது எனப் பலர் கருதுகின்றனர். இக்கருத்து பிழையானது.

500 வாட் திறனை வெளியிடும் பெருக்கி, தான் பெறும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கையே ஒலிபெருக்கிக்கு அளிக்கிறது எனக் கொள்வோம். அது பெற வேண்டிய திறன் 625 வாட் ஆகும். மின்னழுத்தம் 12.5 வோல்ட் எனில், கம்பியில் பாயும் மின்னோட்டம் 50 ஆம்பியர். இதே திறனை வீட்டின் 230 வோல்ட் இணைப்பிலிருந்து பெற 3 ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டமே போதும்.

இனி, மின்கலக் கம்பியின் மின்தடை 0.02 ஓம் மட்டுமே எனினும், 50 ஆம்பியர் பாயும்போது 50 வாட் ஆற்றல் கம்பியிலேயே வெப்பமாகிறது. கம்பி மெலியுந்தோறும் இவ்வெப்பம் பெருகும். எனவேதான் தடித்த செம்புக்கம்பி இன்றியமையாததாகிறது.

உருகியின் இடம்

மின் உருகி பெருக்கியைக் காப்பதற்கே உள்ளது எனச் சிலர் எண்ணி, அதனைப் பெருக்கியின் அருகில் பொருத்துகின்றனர். மின்கலத்தருகே பொருத்தும் உருகி காப்பது கம்பியையே.

மின்கலத்திலிருந்து புறப்படும் கம்பி, இரும்புத் தடுப்பின் துளை வழியே நுழைந்து, தரைவிரிப்பின் அடியில் பின்புறம் வரை செல்கிறது. வண்டியின் அதிர்வால் துளையின் விளிம்பு கம்பியின் உறையை நாளடைவில் அறுத்துவிடக்கூடும். செம்பு இரும்பைத் தொட்டால் மின்குறுக்கு ஏற்பட்டு, நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் பாயும். கம்பி பழுக்கக் காய்ந்து விரிப்பில் தீப்பற்றும். அவ்வேளையில் கம்பியின் கடைசியில் உள்ள உருகியால் பயனில்லை. குறுக்கு மின்னோட்டம் அதன் வழியே செல்வதில்லை அன்றோ!

ஆகவே, மின்கலத்தின் நேர்முனையிலிருந்து ஏறத்தாழ 45 சென்டிமீட்டருக்குள் உருகியைப் பொருத்த வேண்டும். துளையில் இரப்பர் வளையம் இட வேண்டும். கம்பி தாங்கும் அளவுக்கு மேற்பட்ட உருகி கூடாது. உருகி அடிக்கடி எரிகிறதென்று அதனினும் பெரியதை இடுவது, காவலனை உறங்கச் செய்வதற்கு ஒப்பாகும்.

பிற இணைப்புகள்

பெருக்கியின் எதிர்முனைக் கம்பியும் நேர்முனைக் கம்பியைப் போன்றே தடித்திருத்தல் வேண்டும். வண்ணப்பூச்சைச் சுரண்டி, வண்டியின் வெற்று உலோகத்தில் அதனை இறுக்கமாக முடுக்குதல் வேண்டும். இவ்விணைப்பு தளர்ந்தால் இரைச்சல் எழும், சூடும் உண்டாகும். சைகை வடத்தை மின்கலக் கம்பியோடு சேர்த்துக் கட்டாமல், வண்டியின் மறுபுறமாகக் கொண்டுசெல்வது நன்று. பாட்டுக்கருவியிலிருந்து வரும் மெல்லிய இயக்கக் கம்பி, கருவி இயங்கும்போது மட்டும் பெருக்கியை விழிக்கச் செய்யும். அதனை நேரடியாக மின்கலத்தில் இணைத்தால், வண்டி நிற்கும்போதும் மின்கலம் வற்றும்.

4 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டைப் பக்க இணைப்பில் இணைத்தால் மொத்தம் 2 ஓம் ஆகும்; தொடரிணைப்பில் 8 ஓம் ஆகும். பெருக்கி தாங்கும் எல்லைக்குக் கீழே சென்றால் அது மிகையாகச் சூடேறும். இரு ஒலிபெருக்கிகளுள் ஒன்றின் முனைகள் மாறினால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கும்; தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

பணியின் முறைமை

பணியைத் தொடங்குமுன் மின்கலத்தின் எதிர்முனையையே முதலில் கழற்ற வேண்டும். நேர்முனையை முதலில் கழற்றும்போது, திருகுகருவி வண்டியின் உலோகத்தைத் தொட்டால் மின்குறுக்கு நேரும். எதிர்முனை கழன்றிருந்தால் அவ்வச்சமில்லை. பணி முடிந்தபின் எதிர்முனையை இறுதியில் பூட்ட வேண்டும். ஒலியின் அளவும், அவசர ஊர்தியின் ஒலிப்பு ஓட்டுநர் செவிக்கு எட்டும் அளவினதாக இருத்தல் வேண்டும்.

இசை நன்றாக ஒலிப்பதைப் பயணி கேட்டு மகிழலாம். விரிப்பின் அடியில் மறைந்துள்ள கம்பியை அவர் காண்பதில்லை. செய்தவரை நம்பியே அமர்ந்திருக்கிறார். காணாத இடத்திலும் பிழையின்றிச் செய்வதே தொழிலறம்.