சில மணி நேரத்துக்காக ஒரு மின்நிலையம்

2006 ஜூலையில் கலிஃபோர்னியாவை வெப்ப அலை வாட்டியெடுத்தது. வீட்டுக்கு வீடு ஏசி ஓடியதில், 24ஆம் தேதி மாநில மின்தொகுப்பின் தேவை 50,270 மெகாவாட்டைத் தொட்டது; அதுவரை காணாத உச்சம். அடுத்த மாதமே சதர்ன் கலிஃபோர்னியா எடிசன் நிறுவனத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது: வரும் கோடைக்குள் உச்ச நேர மின்நிலையங்களைக் கட்டுங்கள். 2007 ஆகஸ்டில் நான்கு நிலையங்கள் தயார்.

ஒரே ஆண்டில் எப்படி முடிந்தது?

இவற்றின் இதயமான எல்எம்6000 டர்பைன், போயிங் 747 விமானங்களில் பறந்த சிஎஃப்6 ஜெட் என்ஜினின் வழிவந்தது. தொழிற்சாலையிலிருந்தே முழுதாக வந்து இறங்கிவிடும். களத்தில் செய்ய வேண்டியது அடித்தளம், எரிவாயுக் குழாய், புகைபோக்கி, மின்மாற்றி. துணைமின் நிலையங்களை ஒட்டியே இடம் பார்த்ததால் நீண்ட மின்கம்பி இழுக்கும் வேலையும் மிச்சம்.

வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்தி, எரிவாயுவைக் கலந்து எரித்தால், சீறிப் பாயும் சூடான வாயு டர்பைனைச் சுழற்றும். அதோடு ஜெனரேட்டரும் சுழலும். பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 50 மெகாவாட் கிடைத்துவிடும். ஒரு சங்கடம் உண்டு. வெயில் ஏற ஏறக் காற்று இலேசாகி, டர்பைனின் திறன் குறையும். மின்சாரம் அதிகம் தேவைப்படும் நேரத்திலேயே இந்தச் சறுக்கல். அதனால்தான் உள்ளே போகும் காற்றில் நுண்ணிய நீர்த்துளிகளைத் தெளித்துக் குளிரவைக்கிறார்கள்.

புகையோடு வெளியேறும் வெப்பத்தில் நீராவி உண்டாக்கினால் இன்னும் நிறைய மின்சாரம் எடுக்கலாம். ஆனால் கொதிகலன் சூடேற நேரமாகும், கட்டும் செலவும் கூடும். ஆண்டில் சில நூறு மணி நேரமே ஓடும் நிலையத்துக்கு அது கட்டுப்படியாகாது. எரிபொருள் கூடுதலாகச் செலவானாலும், கூப்பிட்டவுடன் எழுந்து ஓடுவதுதான் இங்கே முக்கியம். சும்மா நிற்கும் நாட்களிலும் தயார்நிலைக்காகவே பணம் தரப்படுகிறது.

ஐந்தாவது நிலையத்தை ஆக்ஸ்நார்டு கடற்கரையில் கட்ட முயன்றபோது நகரமே எதிர்த்தது. ஏற்கெனவே மின்நிலையங்களின் புகையைச் சுமந்த ஊர் அது; அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. இழுபறி முடிந்து அது இயங்கத் தொடங்க 2012 ஆகிவிட்டது.

2017இல், முதல் நான்கில் ஒன்றான நார்வாக் நிலையத்தின் டர்பைனோடு 10 மெகாவாட் பேட்டரி இணைக்கப்பட்டது. தேவை எழுந்த நொடியில் பேட்டரி மின்சாரம் தர, அதற்குள் டர்பைன் வேகம் பிடித்துவிடும். அவசரத்துக்கு வேண்டுமே என்று வெறுமனே எரிவாயுவை எரித்தபடி டர்பைனை ஓடவிட்டுக் காத்திருக்கும் தேவை இதனால் போயிற்று.