தையில் கிளம்பும் பிள்ளைகள்

பொங்கல் முடிந்து சில நாட்களிலேயே விழுப்புரம் மாவட்டத்தில் ஒலக்கூர், மயிலம், மரக்காணம் பக்கத்து இருளர் பழங்குடிக் குடியிருப்புகளில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். செங்கல் அறுக்கப் போய்விடுவார்கள். சிலர் திருவள்ளூர், செங்கல்பட்டு பக்கத்துச் சூளைகளுக்கு, சிலர் கரும்பு வெட்டுக்கு, சிலர் மரம் வெட்ட. அரிசிக் குண்டான், பாய், இரண்டு மூட்டைத் துணி, கூடவே பிள்ளைகள். கைக்குழந்தை முதல் மூன்றாம் வகுப்பு படிக்கிற பையன்வரை எல்லாரும் போவார்கள். திரும்பி வர ஆனி, ஆடி ஆகிவிடும்.

வேலைக்காக இரண்டு வருடம் சிங்கப்பூருக்கோ அமெரிக்காவுக்கோ குடும்பத்தோடு போகிறவர்களை நமக்குத் தெரியும். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் எடுக்கிறார்கள். எந்தத் தடுப்பூசி எந்தத் தேதியில் போட்டது என்று அட்டையைச் சரிபார்க்கிறார்கள். போகிற ஊரில் எந்தப் பள்ளி, திரும்பி வந்தால் எந்த வகுப்பு என்றெல்லாம் மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். அது நியாயமான கவலை. ஆனால் அதே வயதுப் பிள்ளை ஒலக்கூரிலிருந்து சூளைக்குக் கிளம்பும்போது, யாரும் எதையும் விசாரிப்பதில்லை. கடல் கடக்காத இந்தப் பயணத்தில், அந்தப் பிள்ளைக்கு அரசு தருகிற அத்தனையும் ஊரிலேயே நின்றுவிடுகிறது.

என்னென்ன நின்றுவிடுகின்றன? ஊரில் அங்கன்வாடி இருக்கிறது; முட்டையும் சத்துமாவும் கிடைக்கின்றன. பள்ளியில் மதிய உணவு உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. சூளையில் இவை எதுவும் இல்லை. தட்டம்மை-ரூபெல்லா ஊசி ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, பதினாறு மாதத்துக்குப் பிறகு இன்னொன்று போட வேண்டும். அந்தத் தேதி சூளையில் இருக்கும்போது வந்தால் நினைவுபடுத்த நர்ஸம்மா அங்கே இல்லை. பள்ளிக் கணக்கு இன்னும் மோசம். கல்வியாண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. பிள்ளை ஜனவரியில் போய்விடுகிறது. கடைசிப் பருவம் முழுக்கப் போகிறது, ஆண்டுத் தேர்வும் போகிறது. திரும்பி வரும்போது அடுத்த வகுப்புப் பாடம் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று வருடம் இப்படிப் போனால் எழுத்துக் கூட்டத் தெரியாமலே ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிடுவான். பிறகு பள்ளிக்கே வரமாட்டான்.

சூளையின் வேலைமுறையைத் தெரிந்துகொண்டால்தான் பிள்ளைகளின் நிலை புரியும். கூலி ஆளுக்கு இல்லை, கல்லுக்கு. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சேர்த்துக் கணக்கு. முதல் நாள் மண்ணை நனைத்துக் குழைத்து வைத்து, வெயிலுக்கு முன் அறுத்து முடிக்க நள்ளிரவு தாண்டி எழுந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் குடிசையில் பிள்ளை தனியாகக் கிடக்கும், அல்லது களத்து ஓரம் சாக்கில் தூங்கும். எட்டு வயதுப் பெண் தம்பியைப் பார்த்துக்கொள்வாள்; விடிந்ததும் காய்கிற கல்லைத் திருப்பிப் போடுவாள். மழை வந்து கல் கரைந்தால் அந்தக் கணக்கு போச்சு. கிளம்பும் முன் வாங்கிய அட்வான்ஸ் கழியாத வரை வெளியே போகவும் முடியாது. இதைக் கொத்தடிமை என்று சொல்லித் தடைசெய்யும் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. இந்தப் பகுதியில் பேராசிரியர் பிரபா கல்விமணி தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இம்மக்களின் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடியிருக்கிறது. அப்படியும் தை பிறந்தால் கிளம்புவது நிற்கவில்லை. ஊரில் சொந்த நிலமில்லை, வருடம் முழுக்க வேலையும் இல்லை.

“பிள்ளையை ஏன் இழுத்துக்கொண்டு போகிறீர்கள், பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகலாமே” என்று இவர்களிடம் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பால்குடிக்கிற பிள்ளையும் நான்கு வயதுப் பிள்ளையும் அம்மாவோடுதான் இருக்க வேண்டும். வெளிநாடு போகிறவர்களிடம் யாரும் பிள்ளையை விட்டுவிட்டுப் போ என்று சொல்வதில்லையே. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஊரிலேயே பருவகால விடுதி வைக்கலாம். ஒடிசாவில் அப்படி நடத்துகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது தீர்வாகாது. பிள்ளை போகிற இடத்துக்கு அங்கன்வாடியும் பள்ளியும் போக வேண்டும்.

இது நடக்காத காரியமில்லை. ஒடிசாவிலிருந்து திருவள்ளூர்ச் சூளைகளுக்கு வருகிற பிள்ளைகளுக்காக ஒடியா பாடப்புத்தகங்களை வரவழைத்து, ஒடியா தெரிந்தவர்களை வைத்துச் சூளையருகிலேயே வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் கரும்பு வெட்ட வருகிறவர்களின் பிள்ளைகளுக்கு ஆலைகளை ஒட்டிப் பள்ளிகள் நடந்தன. நம் ஒலக்கூர்ப் பிள்ளைக்கு மொழிச் சிக்கல்கூட இல்லை. அதே பாடநூல்தான் திருவள்ளூரிலும்.

சட்டமும் இருக்கிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட 40 பிள்ளைகள் இருக்கும் குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. பெரிய சூளைகளில் இத்தனை பிள்ளைகள் இருக்கக்கூடும். கல்வி உரிமைச் சட்டப்படி எந்த மாதத்தில் வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. ரேஷன் அரிசியைத் தமிழ்நாட்டின் எந்தக் கடையிலும் வாங்கலாம். ஆனால் அந்த உரிமை தனக்கு இருப்பது கிளம்புகிற அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாணவர் பதிவான எமிஸ் எண் பள்ளியில் இருக்கிறது, தாய்-சேய் நலப் பதிவான பிக்மி எண் நர்ஸம்மாவிடம் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளின் எடை அங்கன்வாடி ஊழியரின் செல்போனில் இருக்கிறது. மூன்றையும் ஒரே தாளில் எழுதி, எந்தச் சூளைக்குப் போகிறார்கள் என்பதையும் சேர்த்து, அந்த மாவட்டத்துக்கு அனுப்ப யாரும் பொறுப்பில்லை. விழுப்புரம் மாவட்ட நிர்வாகம் மார்கழியிலேயே ஒன்றியம் ஒன்றியமாக இந்தப் பட்டியலை எடுக்க வேண்டும். சூளை இருக்கும் மாவட்டம் அதை வாங்கி, ஆசிரியரையும் அங்கன்வாடி ஊழியரையும் அங்கே அனுப்ப வேண்டும். ஒலக்கூர் ஒன்றியத்தில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பொங்கல் விடுமுறை முடிந்து வராத பிள்ளையின் பெயரை நீக்கிவிடாதீர்கள், எந்த ஊர்ச் சூளை என்று அக்கம்பக்கத்தில் கேட்டு அந்த ஊர்ப் பள்ளிக்கு ஒரு போன் செய்யுங்கள். சூளைப் பக்கம் வசிப்பவர்கள், பள்ளி நேரத்தில் கல் திருப்பும் பிள்ளையைக் கண்டால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள்.